பெருகிய கண்ணாடி

பிரபு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், நானும் இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நாளைக் காலையில் லிஃப்ட் ஆய்வாளர் உத்தமபாளையம் மண்டபத்துக்கு வருகிறார். உன் மனைவி நித்யாவின் வளைகாப்பு அன்று அந்த லிஃப்ட்டின் கண்ணாடி எப்படி உடைந்தது என்று அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறார். என்னிடமும் கேட்பார். அலங்காரத்துக்கு வந்த அன்சாரி இரும்புக் குழாயால் இடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று நான் சொல்ல வேண்டும், அதுதான் உன் ஏற்பாடு. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதைப் போனில் விளக்கப் பார்த்தேன். வாக்கியம் முடிவதற்குள் "யம்மா, மொதல்ல போன வை" என்று சொல்லி நீயே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம். கிழித்தால் இதே கடிதம் நித்யாவிடமும் ஒன்று இருக்கும், கேட்டு வாங்கிப் படித்துக்கொள். உறையைக்கூட ஒட்டாமல்தான் உன் அப்பாவிடம் கொடுத்துத் தேனிக்கு அனுப்புகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாங்கிப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. உன் அப்பா படித்தால் இன்னும் நல்லது, மனிதர் ஒரு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் கடைவீதியில் வளையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, திருவிழா என்று நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள்தான் நம் வாடிக்கை. அவர்கள் காதில் உடைந்தது என்ற சொல் விழக்கூடாது. கையில் ஏற்றும்போது கண்ணாடி வளையல் உடைந்தால் பெருகிவிட்டது என்போம். பெட்டியோடு விழுந்து தூளானாலும் பெருகிவிட்டதுதான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் "யம்மா, வளவி ஒடஞ்சிருச்சு" என்று கத்தினாய். நான் தொடையில் கிள்ளிய கிள்ளில், அதற்குப் பிறகு உன் உலகத்தில் எதுவுமே உடையவில்லை. டம்ளர் பெருகியது, சைக்கிள் பெடல் பெருகியது. கணக்கில் ஃபெயில் ஆகி வந்து நின்ற அன்றைக்கு "மார்க்கு பெருகிருச்சும்மா" என்றாய். கடையில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓங்கிய கையை நானும் இறக்கிவிட்டேன். அந்தச் சொல்லால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்றுதான் வளைகாப்பு அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

இன்னொரு நாளையும் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். கோயம்புத்தூரில் லிஃப்ட் கம்பெனியில் வேலை பழகிவிட்டு, சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்று நீ ஊருக்கு வந்த சமயம். ஒரு மத்தியானம் கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்தினாய். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் ஷட்டர் பூட்டை எடுத்து அதன் மேல் ஓங்கிப் போட்டாய். வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அலறிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏலே, வளவிக் கடைக்குள்ள வந்து கண்ணாடிய ஒடைக்கிறவன் எங்கயாவது உண்டுமா?"

"ஒடஞ்சிருச்சு, சரி. விழுந்துச்சாம்மா? நல்லாப் பாரு" என்றாய். விழவில்லை. முழுக்க விரிசல் ஓடியிருந்தது, ஆனால் ஒரு சில்லுகூடக் கீழே வரவில்லை. "ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஷீட்ட வச்சு, சூட்டுல அழுத்தி ஒண்ணாக்கிருக்கான். இதுக்குப் பேருதான் லேமினேட்டட். லிஃப்ட்டுச் சுவத்துக்கு இதத்தான் போடணும்னு ரூலு. நம்ம ஷோகேசுல இருக்கு பாரு, அது டஃபண்டு. அதுவும் பலம்தான், லேசுல ஒடையாது. ஆனா சில சமயம் யாரும் தொடாமலே தானா ஒடஞ்சிரும், ஒடஞ்சா மொத்தமும் பொலபொலன்னு கொட்டிரும். அதுல சாஞ்சு நின்ன ஆளு அந்த ஓட்டை வழியா வெளிய போயிருவான்."

உடையாத கண்ணாடி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, உடைந்த பிறகு அது இரும்புச் சட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா என்பதைத்தான் விதி பார்க்கிறது என்று விளக்கினாய். கண்ணாடி எந்த ரகம் என்று மூலையில் அழியாத முத்திரை இருக்க வேண்டும் என்றாய். கைப்பிடிக் கம்பியைக் கண்ணாடியில் மாட்டக்கூடாது, கண்ணாடி போனாலும் கைப்பிடி நிற்கும்படி இரும்புச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கில் ஃபெயில் ஆன பிள்ளை எவ்வளவு தெளிவாகப் பேசுகிறான் என்று நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அந்த விரிசல் துண்டை நான் தூக்கிப் போடவில்லை. உனக்குப் பெண் பார்க்கத் தேவாரத்துக்குப் போனபோது அதைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனவள் நான். மாப்பிள்ளை என்ன செய்றாக என்று நித்யாவின் அம்மா கேட்டதும், அதை எடுத்துக் காட்டி, "கண்ணாடி பெருகுனாலும் ஆள விடாதுங்க, அந்த மாதிரி லிஃப்ட்டு போடுறான் எம்மகன்" என்று பீற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பினார்கள்.

ஆக, இந்த விஷயத்தில் உனக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை, நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். அதனால்தான் என்னால் ஆறவே முடியவில்லை. தெரியாதவன் செய்திருந்தால் விட்டுவிடலாம்.

நீ லிஃப்ட் போட்ட உத்தமபாளையம் மண்டபத்தின் திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது, வெளியூரிலிருந்து வர வேண்டிய கண்ணாடி மட்டும் வரவில்லை. மண்டபத்துக்காரர் உன்னைப் பிடுங்கி எடுத்தார். முகூர்த்த நாளைத் தள்ளி வைக்க முடியாது, கண்ணாடிக்காரன்தான் ஓடி வர வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். நீ கைவசம் இருந்த டஃபண்ட் கண்ணாடியை லிஃப்ட்டுக்குள் மாட்டினாய். அதற்கு மேல் மயில் படம் போட்ட பிளாஸ்டிக் ஃபிலிமை விளிம்பு வரைக்கும் ஒட்டினாய். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் செய்து சிரித்தாய். "லேமினேட் பண்ணியாச்சான்னு ஓனர் கேட்டாகம்மா. பண்ணியாச்சுன்னுட்டேன். அவுகளுக்கு ரேசன் கார்டு லேமினேசன்தான தெரியும். மேல பிளாஸ்டிக் பளபளன்னு இருந்தாச் சரின்னுட்டுப் போயிட்டாக." நானும் சிரித்தேன். என் பிள்ளை கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். சரியான கண்ணாடி வந்ததும் மாற்றிவிடுவேன் என்று நீ சொன்னதை நம்பினேன். நீயும் அப்போது அதை நம்பித்தான் சொல்லியிருப்பாய். ஆய்வு முடிவதற்கு முன்னாலேயே லிஃப்ட்டை ஓட விட்டீர்கள். அது ஓடியது, யாரும் குறை சொல்லவில்லை, மயில் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு மாற்றுகிற எண்ணம் உனக்கு எங்கிருந்து வரும்.

இனி வளைகாப்பு நாள். நீ வேலையாகத் தேனியில் இருந்துவிட்டு மத்தியானம்தான் வந்தாய், அதனால் காலையில் நடந்தது உனக்குத் தெரியாது. யாரிடமும் நான் சொல்லவில்லை. சீக்கிரமே மண்டபத்துக்குப் போய், கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளையல்களைத் தாம்பாளங்களில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பச்சையைத் தனியாக, சிவப்பைத் தனியாக, நடுவில் மஞ்சள். மண்டபம் கூட்டுகிற பேச்சியம்மா வாளியும் துடைப்பமுமாக வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

"யக்கா, கண்ணாடி பெருகிருச்சுக்கா" என்றாள், காதோரமாக.

நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அவள் வேறு எப்படிச் சொல்வாள். அதுவும் என்னிடம். நம் கடையில் வளையல் போட்டுப் போட்டே அந்தப் பேச்சு அவளுக்குப் பழகியிருந்தது. நான் தாம்பாளத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "பெருகட்டும் பேச்சி, நல்லதுதான. கூட்டி அங்கன ஓரமாப் போடு, யாரு கால்லயாவது குத்திரப் போகுது" என்றேன். மேலே கொண்டுபோன வளையல் பெட்டி ஒன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணாடி என்றால் வளையல்தானே. அவள் போகாமல் நின்றாள். "கூட்டுறாப்புல இல்லக்கா. அப்படியே நிக்குது" என்றாள். அந்த வார்த்தைக்காவது நான் நிமிர்ந்திருக்க வேண்டும். வாசலில் யாரோ பூ வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். பூவை வாங்கி வைத்து, சமையல்காரரோடு இலை போதாது என்று ஒரு சண்டை போட்டு முடித்த பிறகுதான் அன்சாரியின் வண்டி மண்டபத்துக்குள் நுழைந்தது. அதற்கும் பிறகுதான் அவன் குழாய்களை இறக்கினான். பேச்சி லிஃப்ட் கண்ணாடியைப் பற்றி என் காதில் சொன்னபோது அவன் மண்டபத்தில் இல்லை, அவனுடைய குழாயும் இல்லை. இது எனக்குத் தெரியும், பேச்சிக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும்.

நித்யா காரிலிருந்து இறங்கியபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. "படியேறாதத்தா, லிஃப்ட்டுல போ" என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவளும் அவள் அம்மாவும் ஏறினார்கள், நான் வளையல் தாம்பாளத்தோடு படியில் ஏறினேன். அந்தப் படி லிஃப்ட்டைச் சுற்றித்தான் போகிறது, உள்ளே இருப்பவர்கள் பக்கவாட்டில் தெரிவார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, வெறும் கையை ஆட்டிக் காட்டினாள், வளையலைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்பதுபோல. அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி முழுக்க வெள்ளையாக, பொடிப்பொடிக் கோடுகளோடு இருந்தது. மயிலின் தோகைக்குள் அந்தக் கோடுகள் கலந்து போயிருந்தன. நான் அதைப் பார்த்தேன் பிரபு. டிசைன் என்று நினைத்தேன். நீ ஒட்டிய ஃபிலிம்தான் அந்த நொறுங்கிய கண்ணாடியைக் காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது. ஆள் சாயாத வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அசதியாக முதுகைச் சாய்த்தாள்.

ஃபிலிம் முதலில் பின்பக்கமாக உப்பியது. மேல் மூலை பிய்ந்தது. பிறகு மூட்டையை அவிழ்த்து அரிசியைக் கொட்டினால் எழுகிற சத்தம். அவள் பின்னால் சரிந்தாள். ஒரு கணம் அவள் தலையும் தோளும் லிஃப்ட்டுக்கு வெளியே, காற்றில் இருந்தன. இடுப்பை அந்தக் கைப்பிடி தாங்கியது. அதை நீ இரும்புச் சட்டத்தில்தான் மாட்டியிருந்தாய், அது அசையவில்லை. அவள் அம்மா முன்பக்கச் சேலையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தார்கள். லிஃப்ட் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் படியில் நின்று கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தாம்பாளம் என் கையில் இல்லை. கீழே லிஃப்ட்டை ஒட்டி அலங்கார வளைவைக் கட்டிக்கொண்டு நின்ற அன்சாரி, மேலிருந்து கொட்டிய சில்லு பட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான், விரல் இடுக்கில் ரத்தம்.

அந்தக் கைப்பிடியை நினைத்து நான் தினமும் உன்னை மனசுக்குள் கும்பிடுகிறேன். பெற்ற பிள்ளையைக் கும்பிடுவது வழக்கமில்லை, ஆனாலும் கும்பிடுகிறேன். அதே கையால்தானே அந்த மயிலையும் ஒட்டினாய் என்று மறு நிமிடம் தோன்றுகிறது.

மறுநாளே நீ போன் செய்தாய். நித்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் அதைச் சொன்னாய்.

"யம்மா, அன்சாரி பைப்ப வச்சு இடிச்சிட்டான். நீ பாத்தேல்ல?"

"நான் எங்கலே பாத்தேன்?"

"பாத்தேன்னு சொல்லு, அவ்வளவுதான். இல்லன்னா லைசென்சு போயிரும். இனி ஒரு பய எனக்கு வேலை தரமாட்டான்."

உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். "பெத்த பிள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறியா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினவர் இன்னும் திறக்கவில்லை. பேச்சியைப் போய்ப் பார்த்தேன். "நான் ஒண்ணும் பாக்கலக்கா, என்னைய விட்ருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய ஆளிடம் அவள் சொன்னாள். அவள் அந்த மண்டபத்தில்தான் நாளைக்கும் கூட்ட வேண்டும்.

அன்சாரியையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நெற்றியில் தையல், தோளில் தையல், ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். கண்ணுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் ஆரஞ்சுப் பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவனே பேசினான். "நான் வரும்போதே அந்தக் கண்ணாடி வெள்ளையாத்தாம்மா இருந்துச்சு. டிசைன்னு நெனச்சேன். பிரபு அண்ணன் எதுக்கும்மா எம்பேரச் சொல்றாக? உங்க வீட்டு விசேசம்னுதான பெரிய ஆர்டர விட்டுட்டு வந்தேன்." உன்மேல் கோபமாகப் பேசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே புரியாமல் கேட்டான். கண்ணாடியை இடித்து உடைத்த அலங்காரக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டால், கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எந்த மண்டபத்தில் அவனை ஏணி சாத்த விடுவார்கள்? உனக்கு ஒரு லைசென்ஸ்தான் போகும். அவனுக்குக் கையில் இருக்கிற தொழிலே போகும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஊமையாக இருந்துவிட்டுப் போயிருப்பேனோ என்னவோ. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நீ ஒரே பிள்ளை. உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்று எந்தத் தாயும் சத்தியம் செய்ய முடியாது. நேற்று நித்யாவைப் பார்க்கப் போனேன், அங்கேதான் இனி ஊமையாக இருக்க முடியாது என்று ஆனது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணைக் கை நிறைய வளையலோடு அனுப்புவார்கள். அவள் கண்ணாடி கிழித்த கை நிறையக் கட்டோடு தேவாரத்துக்குப் போயிருக்கிறாள். வயிற்றில் பிள்ளை நன்றாக இருக்கிறது, உதைக்கிறது, என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்சாரிதான் இடிச்சாருன்னு அவுக சொல்றாக. எனக்கு என்னமோ மனசு ஒப்பல அத்த. நான் சாயுறதுக்கு முன்னாடியே அது ஒடஞ்சுதான இருந்துச்சு?"

நான் அவள் கையில் நழுவியிருந்த கட்டை இறுக்கிவிட்டேன். அவள் வேறு ஒன்றையும் சொன்னாள். "இங்கன நர்சிங் ஹோமுலதான் பிரசவத்துக்குப் பேரு குடுத்திருக்கு. பிரசவ வார்டு மாடியில. அவுக போட்ட லிஃப்ட்டுலதான் போகணும். அதுலயும் மயிலு இருக்கு அத்த."

எனக்கு அப்போதுதான் நீ மயில் ஒட்டிய அன்றைக்குப் போனில் சொன்ன இன்னொரு வாக்கியம் ஞாபகம் வந்தது. மண்டபத்துக்கு ஒட்டிய கையோடு தேவாரத்து வேலையையும் முடித்துவிட்டேன், ஒரே ஃபிலிம் ரோல்தான் என்று சொல்லியிருந்தாய். அதற்கும் நான் சிரித்திருந்தேன். நித்யாவின் வீட்டு வாசலிலிருந்தே உனக்குப் போன் போட்டேன். நர்சிங் ஹோமில் இருப்பதும் ஃபிலிம்தானா என்று கேட்டேன். "அத அப்புறம் மாத்திக்கலாம்மா, மொதல்ல நாளன்னைக்கு வர்ற ஆபீசர சமாளிப்போம்" என்றாய். உன் பெண்டாட்டி பிள்ளை பெறப் போகிற இடம் அது. அதையும் அப்புறம் என்று சொன்னாய்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் கைப்பிடியையும் கண்ணாடியிலேயே மாட்டியிருப்பாய், யார் கேட்கப் போகிறார்கள். நீ நாளுக்கும் கிழமைக்கும் பயந்தவன், நாலு பேர் முன்னால் முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவன். உனக்கு அந்தக் கூச்சத்தைக் கொடுத்தவளும் நானாக இருக்கலாம். உடைந்ததை உடைந்தது என்று சொன்னதற்குக் கிள்ளியவள் நான்தானே. இனி அப்படி இருக்காதே. கண்ணாடி வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல், விழா லிஃப்ட் இல்லாமல் நடக்கட்டும், ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறுவார்கள், சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். விதியை எழுதியவனுக்கு உன்மேல் ஒரு பகையும் இல்லை. எங்கேயோ எவளோ ஒருத்தி இதுபோல அசதியாகச் சாய்ந்திருப்பாள் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பான்.

நாளைக்கு நான் சொல்லப்போவது இதுதான். அன்சாரி வருவதற்கு முன்பே கண்ணாடி நொறுங்கியிருந்தது. பேச்சியின் பெயரைச் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே, எனக்கு ஒருவர் சொன்னார் என்பேன். கேட்டும் கேளாமல் மருமகளை லிஃப்ட்டில் ஏற்றியவள் நான் என்பேன். சட்டத்தில் மிச்சம் இருக்கிற ஃபிலிமைத் தொட்டுக் காட்டுவேன். இதனால் உன் லைசென்ஸ் போகலாம். உன்னை ஸ்டேஷனுக்குக்கூடக் கூப்பிடலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்று காலையில் கடையைத் திறக்காமல் கோம்பை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறித் தேவாரத்துக்குப் போனேன். நித்யா வீட்டுக்குப் போகவில்லை, நேராக நர்சிங் ஹோமுக்குப் போனேன். காலை நேரக் கூட்டம், மாத்திரைச் சீட்டோடு ஜனங்கள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அதே மயில், அதே தோகை. நீ சொல்லித்தந்தபடி நாலு மூலையிலும் முத்திரையைத் தேடினேன். இல்லை. கீழ் விளிம்பில் நகத்தை வைத்துச் சுரண்டினேன், ஃபிலிம் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. அதற்குள் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு அவர் மகள் உள்ளே வரப் பார்த்தாள். நான் கதவை மறித்து நின்றுகொண்டேன். "ஏறாதீக. யாரும் இதுல ஏறாதீக" என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பெண் கோபமாக ஏதோ சொன்னாள். நான் நகரவில்லை. சீட்டு எழுதுகிற இடத்திலிருந்து ஒரு நர்ஸ் எழுந்து வந்தாள்.

"நீங்க யாரும்மா? எந்தப் பேசண்டோட ஆளு?"

நித்யாவின் மாமியார் என்று சொல்வதாகத்தான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். அப்படிச் சொன்னால் மதிப்பாக இருக்கும், உன் பெயரும் வெளியே வராது. என் கையில் உரிந்த ஃபிலிம் இருந்தது, எதிரில் அந்தப் பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லிஃப்ட்டப் போட்டவனோட அம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சத்தம் போடவில்லை. டாக்டர் படியில் இறங்கி வந்தார், ஃபிலிமை வாங்கிப் பார்த்தார், கரண்டை நிறுத்தச் சொன்னார். கதவுக்குக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். "ஒங்க மகன் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார். வருவான் என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ வந்து சரியான கண்ணாடியை மாட்டுகிற வரைக்கும் மாசமான பெண்களை நாற்காலியில் வைத்துப் படியில் தூக்கிக்கொண்டு போவார்களாம். நித்யாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

நாளைக்கு மண்டபத்தில் ஆய்வாளரும் முதலில் நான் யார் என்றுதான் கேட்பார். அவர் என்னிடம் கேட்பதற்கு முன்னால் நீயே அவரிடம் போய்ச் சொல்லிவிடு. போகும்போது நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். நீ வராவிட்டாலும் நான் அங்கே இருப்பேன், இன்று சொன்ன அதே பதிலைத்தான் நாளைக்கும் சொல்வேன்.

இப்படிக்கு,
லிஃப்ட் போட்டவனின் அம்மா